சொந்த இணையதளம் வைத்திருக்கும் நிரலாளர்களுக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாதா?

கேள்வி: 12 ஜனவரி, மாலை 6.15

பகல் முழுக்க நிரல் எழுதுகிறீர்கள். வீட்டுக்கு வந்தும் சொந்தத் தளத்துக்கு நிரல் எழுதுகிறீர்கள். சரி, அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் மூன்றே பதிவு. முதலாவது 'வணக்கம்'. இரண்டாவது 'இந்தத் தளத்தைக் கட்டிய விதம்'. மூன்றாவது 'தளத்தை இடித்துக் கட்டிவிட்டேன்'. அதற்கப்புறம் இரண்டு வருட மௌனம். இது பொழுதுபோக்கா, ஆபீஸ் வேலையின் வால் வீடு வரை நீள்கிறதா? தளம் வைத்திருக்கிறவர்கள் யாராவது மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்: 12 ஜனவரி, இரவு 9.40

மூன்று பதிவு என்பது தப்பு. என்னிடம் நான்கு இருந்தன. நான்காவது, 'ரொம்ப நாளாக எழுதவில்லை, இனி வாரம் ஒன்று கட்டாயம்'.

என் தளத்துக்கு வயது பதினான்கு. முதலில் வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல், கையால் எழுதியது. பிறகு பிஎச்பி நிரல். பிறகு எல்லோரும் ஜெக்கில் என்றார்கள், எழுதியதைத் தளப் பக்கங்களாக்கித் தரும் ஜெனரேட்டர், அது 2008இல் வந்தது, நான் நான்கு வருடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நான் போய்ச் சேர்ந்த மறுவருடமே அதே வேலைக்கு ஹியூகோ வந்தது. ஆயிரம் பக்கத்தைக் கண் இமைப்பதற்குள் கட்டிவிடும் என்றார்கள். என்னிடம் இருந்தது பன்னிரண்டு பக்கம். ஆனாலும் மாறினேன். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று நானே ஒரு ஜெனரேட்டர் எழுதினேன். அந்தப் பன்னிரண்டு பக்கமும் ஐந்து வண்டி மாறி ஏறியிருக்கின்றன, ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இது ஆபீஸ் வேலையின் வால் என்று சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபீஸில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற மூன்று பேர் தலையாட்ட வேண்டும். என் தளத்தில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு எல்லாத் தலைப்பையும் கருநீலம் ஆக்கலாம், பன்னிரண்டே முக்காலுக்கு அசிங்கமாக இருக்கிறதென்று பழையபடி ஆக்கலாம். கேட்க ஆளில்லை. பார்க்கவும் ஆளில்லை, அது வேறு விஷயம்.

13 ஜனவரி, காலை

நேற்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காலையில் எண்ணிப் பார்த்தேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் மொத்தம் 640 கமிட், அதாவது 640 பதிந்த மாற்றம். அதில் எழுத்தைத் தொட்டவை 71. மீதி எல்லாம் வரி இடைவெளி, எழுத்துரு, மெனு, அடிப்பக்கத்தில் வருடம் தானாக மாறுவதற்கான நிரல், அந்த நிரல் ஜனவரி 1 அன்று வேலை செய்யாததற்கான திருத்தம்.

கமிட் செய்திகள் அடுத்தடுத்து இப்படிப் போகின்றன: 'சரிசெய்தேன்', 'இப்போது உண்மையிலேயே சரிசெய்தேன்', 'முன்பு இருந்ததே தேவலை'.

13 ஜனவரி, மதியம்

71இல் 20க்கு மேல் ஒற்றுப்பிழைத் திருத்தம். அதில் சில, முன்பு திருத்தியதைத் திரும்பப் பழையபடி ஆக்கியவை. ஒரு 'ப்' மட்டும் மூன்று முறை வந்து போயிருக்கிறது.

17 ஜனவரி

'வேறு பொழுதுபோக்கே கிடையாதா' என்ற பாதிக்கு நான் பதில் சொல்லாமல் நழுவியதாக ஒருவர் பிடித்துவிட்டார். உண்டு. இப்படித் தளம் வைத்திருக்கும் ஆட்களின் பக்கங்களைத் துழாவிப் பாருங்கள். நிரல் பற்றிய பதிவுகளுக்குக் கீழே, கொஞ்சம் கூச்சத்தோடு ஒளித்து வைத்த மாதிரி, வேறொன்று இருக்கும். ஒருவர் ஜன்னலுக்கு வந்த பறவைகளைத் தேதி போட்டு எழுதியிருப்பார். ஒருவர் விசைப்பலகையைச் சாலிடரிங் கருவியோடு உட்கார்ந்து தானே செய்திருப்பார். அமெச்சூர் ரேடியோ, பிலிம் கேமரா, பூட்டுத் திறப்பது, நீர்வண்ணம். திரையில் தொட முடியாததைத்தான் பகலெல்லாம் செய்கிறோம், அதனால் கையில் அழுக்குப் படுகிற ஏதாவது வேண்டியிருக்கிறதோ என்னவோ.

பெரியவர்களிலும் இந்தக் கதைதான். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் வீட்டில் குழலார்கன் வைத்து வாசிக்கிறவர். 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலையே விட்டுவிட்டார். ஆனால் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத் தளத்தில் அவருக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, எந்தப் பகட்டும் இல்லாமல். அவருடைய புத்தகத்தில் தவறு கண்டுபிடித்தால் 2.56 டாலர் பரிசு. 256 சென்ட் என்றால் பதினாறடிமான எண்முறையில் 100, அதாவது ஒரு 'பதினாறடிமான டாலர்'. முன்பு நிஜக் காசோலையே அனுப்பிக்கொண்டிருந்தார். 2008இல் அதை நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ் தருகிறார். ஜோக் சொன்னாலும் கணக்குத் தப்பாமல் சொல்கிற மனிதர்.

என்னுடையது சுவர்க் கடிகாரம். சாவி கொடுக்கிற வகை, ஊசல் ஆடுகிற வகை. அது பெரிய கதை, நாளை எழுதுகிறேன்.

18 ஜனவரி, இரவு 11.20

பெரிய கதைதான்.

ஓடாத ஒரு கடிகாரம் எப்படியோ என் கைக்கு வந்தது. இரவல் வாங்கிய திருப்புளியோடு திறந்தேன். உள்ளே நெளிவு, துரு எதுவும் இல்லை. பல வருட எண்ணெய் காய்ந்து பிசினாகி அச்சுக் குழிகளில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். சுத்தம் செய்து, குழிக்கு ஒரு சொட்டு மேல் போகாமல் எண்ணெய் வைத்தேன். பற்களுக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்பதை, வைத்த பிறகு தெரிந்துகொண்டேன். மறுபடி எல்லாம் கழற்றினேன்.

ஓடியது. ஆனால் ஒரு நாளில் பல நிமிடம் பிந்தியது. அங்கேதான் பிடித்தது பைத்தியம். ஊசலின் நீளம்தான் வேகம். குண்டுக்குக் கீழே உள்ள நட்டைத் திருகிக் குண்டை ஏற்றினால் கடிகாரம் முந்தும், இறக்கினால் பிந்தும். ஒரு மில்லிமீட்டர் மாறினால் ஒரு நாளில் சுமார் 43 வினாடி வித்தியாசம். அதற்குமேல் வெப்பம். எஃகுத் தண்டு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். அறை 10 டிகிரி சூடானால் நாளுக்கு 5 வினாடி பிந்தும். நாளுக்கு 5 வினாடி! ஆபீஸில் சர்வர் ஒரு வேண்டுகோளுக்குப் பதில் தர 200 மில்லிவினாடி கூடிவிட்டதென்று கூட்டம் போடுகிறவன் நான். இது எனக்கென்றே செய்த பொருள் என்று தோன்றியது.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு, நேரச் சர்வரோடு ஒத்திசைத்த கணினிக் கடிகாரத்தைப் பார்த்து, எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று ஒரு எழுத்துக் கோப்பில் ஒரு வரி. தேதி, பிழை, அறை வெப்பம். நாற்பது வரி நிரல் ஒன்று அதை அட்டவணையாக்கித் தளத்தில் ஏற்றிவிடும். மெனுவில்கூட அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கிடையாது. என் ஜெனரேட்டருக்கு வெளியே தனியாகக் கிடக்கிறது, பக்கத்தை அலங்கரிக்கும் சிஎஸ்எஸ்கூட இல்லை. இது எனக்கு மட்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

19 ஜனவரி

கணக்கில் தவறு. ஒருவர் அழகாகக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

1 மில்லிமீட்டருக்கு 43 வினாடி என்பது, ஒரு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கிற ஊசலுக்கு. அது 99.4 சென்டிமீட்டர் நீளம், ஆளுயரக் கடிகாரங்களில் இருப்பது. என் சுவர்க் கடிகாரத்தின் ஊசல் அரை வினாடிக்கு ஒரு பக்கம் போவது, நீளம் அதில் கால்பங்கு, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் நாளுக்கு 174 வினாடி. கிட்டத்தட்ட மூன்று நிமிடம்! நட்டைத் துளி திருகினாலே ஏன் அப்படித் துள்ளுகிறது என்று ஒரு வருடமாகத் திருகாணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்து எண்ணை எடுத்துக்கொண்டு, எதிரில் தொங்குவதை அளக்கவில்லை.

வெப்பக் கணக்கு தப்பித்தது. அது விகிதம், நீளம் எதுவானாலும் அதே 5 வினாடி.

19 ஜனவரி, இரவு

தளத்திலும் திருத்திவிட்டேன். 641ஆவது கமிட். எழுத்தைத் தொட்டது 72.

25 ஜனவரி

'யார் படிக்கிறார்கள்' என்ற கேள்வி வந்திருக்கிறது. வலிக்கிற இடம்.

ஒரு காலத்தில் தினமும் காலையில் சர்வர் லாக், அதாவது யார் வந்து போனார்கள் என்ற பதிவேட்டைப் பார்ப்பேன். ஒரு நாள் முந்நூறுக்கு மேல் வருகை. நெஞ்சு விம்மியது. நிதானமாகப் பிரித்தால் முக்கால்வாசி தானியங்கி பாட்கள். அதிலும் பெரும்பாலானவை, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தைத் தேடி வந்தவை. என் தளத்தில் வேர்ட்பிரஸ் என்றைக்குமே இருந்ததில்லை. இல்லாத வீட்டின் இல்லாத கதவை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை கடுப்பில் அந்த முகவரியில் 'இங்கே யாரும் இல்லை' என்று ஒரு பக்கம் வைத்தேன். பல வாரம் என் தளத்திலேயே அதிகம் 'படிக்கப்பட்ட' பக்கம் அதுதான்.

பாட்களுக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு 1994இலிருந்தே இருக்கிறது. ஆனால் அது வாசலில் தொங்குகிற அறிவிப்பு மாதிரி. மரியாதை உள்ளவர்கள் படிப்பார்கள்.

எண்ணும் கருவியை எடுத்துவிட்டேன். எடுத்த முதல் வாரம் கை அரித்தது.

2 பிப்ரவரி

'இதெல்லாம் எதற்கு, சமூக வலைத்தளத்தில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்களே.'

பார்ப்பார்கள்தான். மறுக்கவில்லை. ஆனால் யாரும் இலவசமாகத் தளம் கட்ட இடம் தந்த ஜியோசிட்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் ஆரம்பம், 1999இல் யாஹூ வாங்கியது, 2009இல் மூடினார்கள். ஆட்டுக்குட்டிப் படமும் மினுமினுக்கும் எழுத்துமாக ஆட்கள் கட்டி வைத்த அத்தனை பக்கமும் ஒரே அறிவிப்பில் போயின. ஆர்வலர்கள் அவசர அவசரமாகப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றது. அன்றைக்கு ஆர்எஸ்எஸ், அதாவது புதுப் பதிவுகளை ஓடையாகத் தரும் இணைய முறை, செத்தது என்று ஒப்பாரி வைத்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் பார்த்தால் ஓடைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. படிக்கிற இடம் ஒன்று போனது, அவ்வளவுதான். வேறு செயலியில் முகவரிகளை ஏற்றினேன், பழைய ஆட்கள் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள்.

முகவரி நம்முடையதாக இருந்தால் வண்டியை மாற்றிக்கொள்ளலாம். இதை வைத்து நான் மார்தட்டிக்கொள்ள முடியாது. 1998இலேயே வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிவிட்டார், நல்ல முகவரிகள் மாறாது என்று. அவர் 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வைத்த முதல் தளத்தை 2013இல் பழைய முகவரியிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் நான்கு முறை வண்டி மாற்றியதில் மூன்று முறை முகவரிகளை உடைத்திருக்கிறேன். ஒருமுறை வருடம், மாதம் எல்லாவற்றையும் முகவரியிலிருந்து எடுத்தேன், 'சுத்தமாக இருக்கட்டும்' என்று. ஒருமுறை திரும்ப வைத்தேன். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 பட்டியல் இப்போது எழுபது வரி. கடிகாரக் கோப்பை விட்டால் என் தளத்தில் மிக நீளமான கோப்பு அதுதான், பதிவுகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

3 பிப்ரவரி

முகவரி என்றதும் இன்னொன்று. கடிகாரப் பக்கத்துக்குத் தமிழிலேயே முகவரி வைத்தேன், 'கடிகாரம்' என்று. எழுத்துக் கணக்கில் ஐந்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் எட்டு. அந்த எண்களைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24. பிரவுசரில் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 72! ஐந்தெழுத்துச் சொல் அனுமார் வாலாகிவிடுகிறது. இணைப்பைப் பெற்றவருக்கு வைரஸோ என்று பயம்.

1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உணவகத்தில் உட்கார்ந்து தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் யூடிஎஃப்-8ஐ வரைந்தார்கள். ஒரே இரவுச் சாப்பாட்டில் இவ்வளவு நன்றாக அமைந்த வேறொன்று எனக்குத் தெரியாது. குறை அதில் இல்லை, முகவரியில்தான். ஆனாலும் மாற்ற மாட்டேன். மாற்றினால் எழுபத்தோராவது வரி.

14 பிப்ரவரி

வீட்டிலேயே சர்வர் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம், நான் வைத்தேன். உள்ளங்கை அளவுக் கணினி, மெமரி கார்டில் எல்லாம். லாக் எழுதி எழுதியே கார்டு தேய்ந்து 2018இல் ஒரு காலையில் கையை விரித்தது. ஃப்ளாஷ் நினைவகத்துக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு உண்டு. லாக்கைக் கணினியின் தற்காலிக நினைவகத்தில் வைத்து நாளுக்கு ஒருமுறை மட்டும் கார்டில் எழுதியிருக்க வேண்டும். யாரும் படிக்காத தளம், யார் படித்தார்கள் என்று எழுதியே செத்தது.

பேக்கப் இருந்தது. அதே கார்டில்.

அதே 2018இல் லோ-டெக் மேகசின் என்ற இணைய இதழ் தன் தளத்தைச் சூரிய மின்சாரத்தில் ஓட விட்டது. சில நாள் மேகம் மூடினால் தளம் படுத்துவிடும், அதை முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படியொரு கௌரவமான காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6 மார்ச்

டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, புதுப்பிக்க மறந்தேன். பணம் கட்டும் அட்டை காலாவதி, நினைவூட்டல் மின்னஞ்சல் போனது அதே டொமைனில் இருந்த முகவரிக்கு. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்தாற்போல. பொதுவான டொமைன்களுக்கு இப்படித் தவறினாலும் சில வாரம் தவணை கிடைக்கும், அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கடிகாரப் பக்கம் திறக்கவில்லை என்று யாரோ ஒருவர் இந்த இழையில் தனிச்செய்தி அனுப்பினார்.

யாரோ ஒருவர் கடிகாரப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார் என்பதே அன்றுதான் தெரியும்.

9 ஏப்ரல்

இன்று சிஎஸ்எஸ் நிர்வாண தினம். 2006இல் ஆரம்பித்த வேடிக்கை. வருடத்தில் இந்த ஒரு நாள் தளத்தின் அலங்காரத்தைக் கழற்றி வைத்து, அடியில் உள்ள எச்டிஎம்எல் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பது. கழற்றினேன். மெனு இரண்டு பக்கத்துக்கு நீண்டது, ஐகான்கள் தட்டு அளவுக்கு வந்தன, பதிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கடிகாரப் பக்கம் மட்டும் நேற்று இருந்தபடியே இருந்தது. அதற்குக் கழற்ற ஒன்றும் இல்லையே.

10 ஏப்ரல்

மெனுவைத் திரும்ப மாட்டவில்லை. இரண்டு நாள் பார்ப்போம்.

11 ஏப்ரல்

மாட்டிவிட்டேன். ஆனால் பாதியாகக் குறைத்து.

22 மே

தனிச்செய்தி அனுப்பியவரின் கதை. அவர் நிரலாளரே இல்லை. அவரிடம் ஓடாத கடிகாரம் ஒன்று. சாவி கொடுத்தால் பத்து நிமிடம் ஓடி நிற்கிறதாம். என் அட்டவணையில் ஒரு நாள் 'நின்றது, சாய்வு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். எனக்கே மறந்துபோன வரி.

கண்ணை மூடிக்கொண்டு ஓசையைக் கேளுங்கள் என்றேன். டிக், டக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டினால் கடிகாரம் சுவரில் சாய்ந்திருக்கிறது அல்லது உள்ளே ஊசலைத் தள்ளும் கவை வளைந்திருக்கிறது. முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ துளித் துளியாக நகர்த்துங்கள், சமமாகும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெட்டி கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று கவலைப்படாதீர்கள், காதுக்கு நேராக இருந்தால் போதும்.

மூன்று நாள் கழித்து ஓர் ஒலிக்கோப்பு அனுப்பினார். அரை நிமிடம், பேச்சே இல்லை. சமமாக இருந்தது. அதைக் கடிகாரப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டேன், சரி என்றார். பதினான்கு வருடத்தில் என் தளத்தில் வேறொருவர் வீட்டுச் சத்தம் கேட்பது இதுவே முதல்முறை.

30 ஜூன், மாலை

கேள்வியோடு இந்த இழையை ஆரம்பித்தவர் திரும்பி வந்திருக்கிறார். டொமைன் வாங்கிவிட்டாராம். அவருடைய பொழுதுபோக்கு பேனா மை, நிறம் நிறமாகப் பூசிப் பார்த்துக் குறித்து வைப்பாராம். ஜெக்கிலா, ஹியூகோவா, வேறு ஏதாவதா என்று கேட்கிறார்.

முதலில் ஒரு கோப்பில் மையின் பெயர், தேதி, காய எத்தனை வினாடி என்று எழுத ஆரம்பியுங்கள். ஐம்பது வரி சேர்ந்ததும் வந்து கேளுங்கள்.

30 ஜூன், இரவு 9.05

சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஐம்பது வரை காத்திருக்கச் சொல்வது கொடுமை. எனக்கே முடிந்திருக்காது. கட்டத் தோன்றினால் கட்டுங்கள், இடியுங்கள், அதுவும் ஜாலிதான். முகவரியை மட்டும் மாற்றாதீர்கள்.

கடிகாரம் இன்று 11 வினாடி பிந்தியது, அறை சூடு. கோப்பில் ஏற்றியாயிற்று. அப்படியே தலைப்பு எழுத்துரு கொஞ்சம் தடித்துத் தெரிகிறது, ஒரு நிமிடம், அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

1 ஜூலை, அதிகாலை 1.50

முன்பு இருந்ததே தேவலை.